சாட்டம் எங்கே பிசகியது? நாகர்கோவிலில் ஒரு டிவி கேம் மறுஆக்கம்: நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தில் யாரும் குளத்தில் குதிப்பதில்லை, சாடுவார்கள். மதிலேறிச் சாடுவார்கள், திண்ணையிலிருந்து சாடுவார்கள். 90-களில் டிவி கேம் விளையாடிய பிள்ளைகளும் பொம்மையைச் சாடத்தான் வைத்தார்கள். ஆகவே இந்த ஆய்வில் ஜம்ப் வரும் இடமெல்லாம் சாட்டம் என்றே எழுதுகிறோம்.

நிகழ்வு இது. நாகர்கோவிலில் மூன்று பேர் கொண்ட சிறு குழு ஒன்று, நின்டெண்டோ 1985-ல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸின் ஓட்டத்தையும் சாட்டத்தையும் அடிப்படையாக வைத்து ஒரு மறுஆக்கம் செய்தது. பாத்திரம், களம் (லெவல்), இசை எல்லாம் சொந்தம். கேம் செய்யும் மென்பொருளான எஞ்சின் கோடாட் 4. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓட வேண்டும் என்பது திட்டம். முதல் பதிப்பில் ஓடாத பகுதி என்று எதுவும் இல்லை. ஆனால் சிறுவயதில் அந்தக் கேசட்டைத் தேய்த்து ஆடிய வடசேரிக்காரர் ஒருவர், ஐந்து நிமிடம் ஆடிவிட்டு கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "படமெல்லாம் கொள்ளாம் மக்கா. ஆனா இது அந்தச் சாட்டம் இல்லல்லா" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்றின் அடியில் ஒன்றாகப் பல பிழைகள் கிடைத்தன. மேலே உள்ளதைத் திருத்தினால்தான் அடுத்தது கண்ணில் படும். பழைய ஆக்‌ஷன் கேம் ஒன்றை மறுஆக்கம் செய்ய நினைக்கும் எவரும் இதே பிழைகளைத்தான் சந்திப்பார்கள் என்பதால் எண்களோடு பதிவு செய்கிறோம்.

நினைவில் இருப்பது எந்த வேகம்?

குழு மூலத்தை எமுலேட்டரில் (பழைய கருவிபோலவே கம்ப்யூட்டரில் நடந்துகொள்ளும் மென்பொருள்) ஓட்டி, பிரேம் பிரேமாக, அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படமாக, நிறுத்தி அளந்தது. அளவு சரி. எடுத்த மூலம்தான் வேறு.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற கருவி என்.டி.எஸ்.சி என்ற ஒளிபரப்பு முறை டிவிக்கானது. நொடிக்கு 60.0988 பிரேம், ஒரு பிரேமுக்கு 262 வரி. அன்றைய இந்திய டிவி 'பால்' (PAL) என்ற முறை, 50 ஹெர்ட்ஸ். இங்கே வீடுகளுக்குப் பெரும்பாலும் வந்தவை நின்டெண்டோவின் கருவிகள் இல்லை, அவற்றைப் பார்த்துச் செய்த குளோன்கள். பால் டிவிக்காகச் செய்த குளோன், பிரேமுக்கு 312 வரி போட்டு நொடிக்கு 50 பிரேம் காட்டும். அந்தக் காலத்து கேம்களில் எல்லாக் கணக்கும் பிரேமோடு கட்டப்பட்டது. ஒரு பிரேம் வந்தால் ஒரு அடி நகரும், அவ்வளவுதான். ஐரோப்பாவுக்கான பதிப்பில் நின்டெண்டோ வேக மதிப்புகளை 50-க்கு ஏற்பத் திருத்தியது. 'பல கேம் ஒரே கேசட்' வகைகளில் இருந்தவையோ பெரும்பாலும் 60-க்கு எழுதிய ஜப்பான், அமெரிக்கப் பதிப்புகள். அதை 50-ல் ஓட்டினால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தக் குளோன்களின் பிராசசர் 1.773 மெகாஹெர்ட்ஸ், அசலில் 1.789. ஒலியின் சுதி பிராசசரைச் சார்ந்தது, தாளம் பிரேமைச் சார்ந்தது. அதனால் சுதி ஏறக்குறைய மாறாமல் தாளம் மட்டும் இழுபடும். டேப் மெதுவாக ஓடினால் சுதியும் இறங்கிக் காது கண்டுபிடித்துவிடும். இங்கே அந்தத் தடயம் இல்லை. ஒரு தலைமுறை முழுக்க மெதுவான கேமையே அசல் என்று மனதில் ஏற்றிக்கொண்டதற்கு இது பெரிய காரணம்.

வீட்டில் பழைய குளோன் கிடந்தால் சரிபார்ப்பது எளிது. முதல் களத்தின் நேரம் 400 என்று தொடங்கும். அதில் ஒரு எண் குறைய 24 பிரேம். ஸ்டாப்வாட்சை வைத்து 400 முதல் 300 வரை எண்ணுங்கள். 40 நொடி வந்தால் கருவி 60, 48 நொடி வந்தால் 50. குழுவுக்குக் கிடைத்த கருவியில் 48 வந்தது. வடசேரிக்காரரின் புகாரில் பாதி அந்த எட்டு நொடிக்குள் இருந்தது.

பழைய கருவியை எடுக்கும்போது சில எச்சரிக்கைகள். கடற்காற்று படும் ஊர்களில் கேசட்டின் செம்புப் பட்டைகள் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து முழுதாக உலர விடவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மழைக்காலத்தில் மொத்தமாக அரித்துவிடும். வாயால் ஊதும் பழைய வழக்கம் ஈரத்தைத்தான் சேர்க்கும். அடாப்டரில் எழுதிய வோல்ட், முனையின் நேர்-எதிர் இரண்டையும் கருவியின் அடியில் உள்ள குறியோடு ஒப்பிடாமல் செருகக் கூடாது. படத்தைப் பழைய பிக்சர் டியூப் டிவியிலேயே பார்க்க வேண்டும். புதிய எல்.இ.டி டிவி தனக்குள் படத்தை மாற்றி எழுதும்போது தாமதம் சேர்கிறது, அளவு கெடும்.

சாட்டத்தை அளக்க, டிவித் திரையைப் போனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் படமெடுத்து, கால் தரையை விட்டது முதல் மீண்டும் தொட்டது வரை எண்ணினார்கள். நின்ற இடத்தில் பட்டனை விடாமல் சாடினால் மூலத்தில் ஏற 32 பிரேம், இறங்க ஏறக்குறைய 20. மொத்தம் 52. கருவி 60 என்றால் போன் படத்தில் சுமார் 208 பிரேம், 50 என்றால் சுமார் 250. இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தவறாக எண்ண வழியில்லை. சில போன்கள் 240 என்று காட்டிவிட்டு இடைப் பிரேம்களைக் கற்பனையாக நிரப்பும் என்பதால், முதலில் ஸ்டாப்வாட்சைப் படமெடுத்துப் போனையே சோதித்துக்கொள்வது நல்லது.

வளைவின் எண்கள்

மூலத்தின் சாட்டம் ஒரே ஈர்ப்பில் ஏறி அதே ஈர்ப்பில் இறங்குவதில்லை. இது தெரியாமல் எஞ்சினின் சாதாரண ஈர்ப்பை வைத்தால் பலூன் மிதப்பதுபோல் இருக்கும்.

நின்ற நிலையில் தொடக்க வேகம் பிரேமுக்கு 4 பிக்சல். பட்டனை அழுத்தியபடி ஏறும்போது ஈர்ப்பு, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் வேகம் மாறும் அளவு, 0.125. உச்சி தாண்டினாலோ பட்டனை விட்டாலோ ஈர்ப்பு 0.4375, அதாவது மூன்றரை மடங்கு. விழும் வேகம் 4-ஐ ஒட்டிக் கட்டுப்படும். முழு ஓட்டத்தில் கிடைவேகம் 2.5625, தொடக்க வேகம் 5, ஏறும் ஈர்ப்பு 0.15625, விழும் ஈர்ப்பு 0.5625. இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு அழகு தெரியும். 4-ஐ 0.125 ஆல் வகுத்தாலும் 32, 5-ஐ 0.15625 ஆல் வகுத்தாலும் 32. நின்று சாடினாலும் ஓடிச் சாடினாலும் உச்சிக்குப் போகும் நேரம் ஒன்றே. உயரம் மட்டும் 4 கட்டத்திலிருந்து 5 கட்டமாகும் (ஒரு கட்டம் 16 பிக்சல்). விரல் ஒரே தாளத்தைப் பழகினால் போதும். கேம் கைக்கு வசப்படுவதன் ரகசியம் இங்கே இருக்கிறது என்பது எங்கள் கருத்து. மறுஆக்கத்தில் எதை மாற்றினாலும் இந்தச் சமநேரத்தை மாற்றக் கூடாது.

குழு இந்த எண்களை அப்படியே போட்டது. ஆனாலும் 4 கட்டம் உயர்ந்த திட்டில் கால் ஏறவில்லை. காரணம் கணக்கின் வரிசை. ஒரு பிரேமில் முதலில் இடத்தை நகர்த்திப் பிறகு வேகத்தைக் குறைத்தால் 32 பிரேமில் ஏறுவது 66 பிக்சல். முதலில் வேகத்தைக் குறைத்துப் பிறகு நகர்த்தினால் 62. திட்டின் உயரம் 64. மூலம் முதல் வரிசையைப் பின்பற்றுகிறது. கோடாட் பயிற்சிகளில் பெரும்பாலும் வேகத்தில் ஈர்ப்பைச் சேர்த்துவிட்டுக் கடைசியில் பாத்திரத்தை நகர்த்தும் 'மூவ் அண்ட் ஸ்லைட்' கட்டளையை அழைப்பார்கள். அது இரண்டாவது வரிசை. இரண்டு வரி நிரலை இடம் மாற்றியதில் நான்கு பிக்சல் கிடைத்தது.

அடுத்தது பின்னங்கள். நினைவகம் இரண்டே கிலோபைட் இருந்த கருவியில்கூட மூலம் பிக்சலைப் பதினாறாகவும் அதற்கும் நுணுக்கமாகவும் பிரித்து இடத்தைச் சேமித்தது. பழைய தோற்றம் வேண்டும் என்று ஒவ்வொரு பிரேமிலும் இடத்தை முழு எண்ணாக்கினால் 2.5625 என்பது 3 ஆகிவிடும், ஓட்டம் பிய்த்துக்கொண்டு போகும். இடத்தைப் பின்னத்தோடு வைத்து, வரையும்போது மட்டும் முழு எண்ணாக்க வேண்டும். கேமராவையும் பாத்திரத்தையும் ஒரே முறையில் முழு எண்ணாக்க வேண்டும். ஒன்றைக் கீழ்நோக்கியும் மற்றொன்றை அருகிலுள்ள எண்ணுக்கும் மாற்றினால் ஓடும்போது பாத்திரம் ஒரு பிக்சல் துடிக்கும். முதல் பதிப்பில் இந்தத் துடிப்பு இருந்தது.

இப்போது 50 வேகத்துக்கு வருவோம். கோடாட்டில் இயற்பியல் கணக்கை நொடிக்கு 50 என்று மாற்றினால் போதும் என்று தோன்றும். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது நொடிக்குப் பத்து முறை ஒரே படத்தை இருமுறை காட்டும். ஓட்டம் திக்கும். கோடாட் 4.3 பதிப்பில் இருபரிமாணத்துக்கும் வந்த இடைநிரப்பல் வசதியை (இரண்டு கணக்கு அடிகளுக்கு நடுவிலான இடங்களைக் காட்டுவது) போட்டால் திக்குவது போகும், ஆனால் கைக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு கணக்கு அடி வரை, அதாவது 20 மில்லிநொடி வரை, தாமதம் ஏறும். ஆகவே கணக்கை 60-லேயே வைத்து எண்களை மாற்றும் வழியைக் குழு எடுத்தது.

இதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். வேகத்தை 5/6 ஆல் பெருக்க வேண்டும் என்பது உடனே பிடிபடும். ஈர்ப்பையும் அதே 5/6 ஆல் பெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 64 பிக்சல் சாட்டம் 53 ஆகக் குறையும், பாதிக் களம் எட்டாது. ஈர்ப்பு என்பது நேரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்தது. அதை 25/36 ஆல் பெருக்க வேண்டும். தொடக்க வேகம் 3.333, ஏறும் ஈர்ப்பு 0.0868, விழும் ஈர்ப்பு 0.3038, ஓட்டம் 2.135 என்று வரும். உயரம் பழையபடி 64. நேரக் கணக்குகள் எல்லாம் 6/5 ஆல் பெருகும். 24 பிரேம் 28.8 ஆகும், அந்த 0.8-ஐத் தள்ளிவிடாமல் அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தள்ளினால் 400 எண்ணி முடிவதற்குள் கடிகாரம் ஐந்து நொடிக்கு மேல் தவறும்.

முடிவில் அமைப்புகளில் இரண்டு வேகம் வைக்கப்பட்டது: 'மூல வேகம்', 'வீட்டு டிவி வேகம்'. எது இயல்பாகத் திறக்க வேண்டும் என்பதில் குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை. எங்கள் பார்வையில் முதல் முறை திறக்கும்போதே ஆடுபவரைக் கேட்டுவிடுவது சரி. கேமை எழுதியவர்கள் எண்ணியது 60. இந்த மாவட்டத்து விரல்கள் பழகியது 50. இரண்டில் எதையும் பிழை என்று ஒதுக்க முடியாது.

விளிம்பில் வழுக்கியது ஏன்?

வேகம் சரியானதும் அடுத்த புகார் மேலே வந்தது. திட்டின் விளிம்பில் நின்றால் கால் வழுக்குகிறது. இதன் வேர் மோதல் வடிவத்தில், அதாவது பாத்திரம் எதைத் தொடுகிறது என்று எஞ்சின் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத உருவத்தில், இருந்தது. கோடாட்டில் பாத்திரத்துக்கு மாத்திரை வடிவத்தை மாட்டுவது வழக்கம். அடி வளைவாக இருக்கும். 12 பிக்சல் அகல மாத்திரையின் ஆரம் 6. நடுக்கோடு விளிம்பைத் தாண்டி 4.24 பிக்சல் போனதும் தொடும் இடத்தின் சாய்வு 45 பாகையைத் தாண்டும். எஞ்சின் அதற்குமேல் அதைத் தரை என்று எண்ணாது, சுவர் என்று எண்ணிக் கீழே நழுவ விடும். சதுர வடிவமாக இருந்தால் 6 பிக்சல் வரை நிற்கலாம். இடைவெளி இரண்டு பிக்சலுக்கும் குறைவு, ஒரு பிரேம் ஓட்டத்துக்குக்கூட வராது. ஆனால் எட்டிப் பிடிக்கும் சாட்டங்கள் எல்லாம் முடிவது அந்த இரண்டு பிக்சலில்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1996 முதல் வந்த மூன்று கிராஷ் பண்டிகூட் கேம்களை விகேரியஸ் விஷன்ஸ் 2017-ல் 'என். சேன் ட்ரிலஜி' என்று மறுஆக்கம் செய்தபோது, பழைய ஆட்டக்காரர்கள் பாலத்தின் மேல் ஓடும் களத்தில் தொடர்ந்து விழுந்தார்கள். மாத்திரை வடிவ மோதல் முறை காரணம் என்று ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். மூன்றாவது கேமின் கையாளலை மூன்றுக்கும் அடிப்படையாக எடுத்ததாக வெளியீட்டு நிறுவனமான ஆக்டிவிஷன் விளக்கியது. 1993-ல் நின்டெண்டோ தன் சொந்த மாரியோவைச் சூப்பர் நின்டெண்டோ கருவிக்குப் புதுப்பித்தபோதும், செங்கலை உடைத்ததும் கீழே திரும்ப வேண்டிய மாரியோ மேலேயே போகும்படி ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் படத்தை மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்படி நழுவும் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி.

நாகர்கோவில் குழு மாத்திரையை எடுத்துச் சதுரத்தைப் போட்டது. விளிம்பு சரியானது, கூரை கெட்டது. மேலே உள்ள கட்டையின் ஓரத்தில் தலை லேசாகப் பட்டாலும் சாட்டம் அறுந்தது. மூலத்தில் அப்படி நடக்காததன் காரணம் எளியது. அங்கே சதுரமும் இல்லை, மாத்திரையும் இல்லை. 16 பிக்சல் அகலப் பாத்திரத்தில் சில புள்ளிகளை மட்டும் சோதிக்கிறார்கள். தலைக்கு ஒரே புள்ளி, நடுவில், எட்டாவது பிக்சலில். கால்களுக்கு இரண்டு, 3-லும் 12-லும். பக்கங்களுக்கு 2-லும் 13-லும். தலையின் நடு இடித்தால்தான் இடி, ஓரம் பட்டால் கணக்கில் இல்லை. கால் மட்டும் அகலமாகப் பிடிக்கிறது. ஆடுபவருக்குச் சாதகமாக இரண்டு முனையிலும் வளைந்துகொடுக்கும் ஏற்பாடு அது.

ஒரு கட்ட அகலக் குழியின் மேல் முழு வேகத்தில் ஓடினால் விழாமல் கடந்துபோவது பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் விடை இதே புள்ளிகளில். இரு கால் புள்ளிகளுக்கும் நடுவே 9 பிக்சல். 16 பிக்சல் குழியில் இரண்டு காலும் வெற்றிடத்தில் இருப்பது 7 பிக்சல் தூரம் மட்டும், ஏறக்குறைய மூன்று பிரேம். அதற்குள் இறங்கும் சிறு அளவை, அடுத்த கட்டையின் மேல்விளிம்பு தூக்கி நிறுத்திவிடுகிறது.

ஆகவே எஞ்சினின் மோதல் வசதியைப் பாத்திரத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டு, புள்ளியின் இடத்தைப் பதினாறால் வகுத்து அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் சிறு நிரலைக் குழு எழுதியது. நூறு வரிக்குள் முடிகிற வேலை. எதிரிகளுக்கும் நகரும் பலகைகளுக்கும் எஞ்சினின் வசதியே தொடர்கிறது. இந்தப் பிரிவினை நல்லது. எல்லாவற்றையும் கையால் எழுதப் போனால் வேலை முடியாது.

அகலத் திரையின் வில்லங்கம்

மூலப் படம் 256-க்கு 240. இன்றைய 1080 வரித் திரையில் 240 சரியாக அடங்காது, நாலரை மடங்கு வரும். நாலரையாக நீட்டினால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். குழு 480-க்கு 270 எடுத்தது, நான்கு மடங்கு சரியாகப் பொருந்தும். அதில் இருபுறமும் 112 பிக்சல் கூடுதலாகத் தெரிகிறது.

கூடுதலாகத் தெரிவது ஆடுபவருக்கு நல்லதுதானே என்று விட்டதில் எதிரிகள் குழம்பினார்கள். மூலத்தில் எதிரி திரையின் வலது ஓரம் நெருங்கும்போதுதான் விழிக்கும். திரை அகன்றதும் 112 பிக்சல் முன்பே விழித்து நடக்கத் தொடங்கியது. அந்தத் தூரத்தை ஆடுபவர் ஓடிக் கடக்க 44 பிரேம். பிரேமுக்கு அரை பிக்சல் நடக்கும் எதிரி அதற்குள் 22 பிக்சல், ஒரு கட்டத்துக்கும் மேல், நகர்ந்துவிடும். சாடி இறங்கும் இடத்தில் இருக்க வேண்டியது இல்லாமல் போகும், அல்லது குழியில் விழுந்து தீரும். திரையோடு சேராத தனி விழிப்புக் கோடு ஒன்றைப் பழைய 256 அகலத்துக்கு வைத்ததும் தீர்ந்தது. விழிக்காத எதிரியும் திரையில் தெரியுமே என்றால், அது நின்ற இடத்திலேயே காலை அசைத்துக்கொண்டிருக்கும்படி இரண்டு படம் கூடுதலாக வரைந்தார்கள்.

போன்

போனில் எண்களால் மட்டும் தப்பிக்க முடியவில்லை. பழைய கன்ட்ரோலரில் கட்டைவிரலின் நுனி ஓடும் பட்டனை அழுத்தியிருக்க, அதே விரலின் கணு சாடும் பட்டனில் உருளும். கண்ணாடியில் கணு இல்லை. இரண்டு பட்டனுக்கும் நடுவே விரல் பட்டால் இரண்டும் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் பொது இடம் ஒன்றை வைத்ததே பெரிய முன்னேற்றம். இடது-வலது மாற்றத்தில் விரலை எடுக்காமல் இழுப்பார்கள். கோடாட்டின் தொடுபட்டனில் 'பாஸ்பை பிரஸ்' வசதியை இயக்காவிட்டால் அந்த இழுப்பு பதிவாகாது.

விளிம்பைத் தாண்டிய பின்னும் சில பிரேம் சாட விடுவது, தரையைத் தொடுமுன் அழுத்தியதை நினைவில் வைத்துத் தொட்டதும் சாட விடுவது என்று இன்றைய கேம்களில் இரு சலுகைகள் உண்டு. மூலத்தில் இவை இல்லை. குழு தொடுதிரைக்கு மட்டும் முறையே 4, 5 பிரேம் கொடுத்து, கன்ட்ரோலர் இணைத்தால் இரண்டையும் நிறுத்தியது. சரியான முடிவு. கன்ட்ரோலரிலும் விட்டுவைத்தால் பழகிய கை, தான் செய்யாத சாட்டம் நடப்பதை உணரும். தாமதத்தை அளக்க முன்சொன்ன 240 பிரேம் படமே போதும். விரல் கண்ணாடியைத் தொடும் பிரேமையும் கால் எழும் பிரேமையும் எண்ணி வித்தியாசத்தை 4.17 ஆல் பெருக்கினால் மில்லிநொடி வந்துவிடும்.

எழுத்தும் ஒலியும்

பழைய கேம் எழுத்து 8-க்கு 8 கட்டத்தில் அமர்ந்தது. தமிழில் 'ணை', 'ஞூ' எதுவும் அதில் நிற்காது. குழு முதலில் எழுத்துகளைத் தனித்தனிப் படமாக வெட்டிப் போட்டு, 'கெ' எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கும் நிலைக்கு வந்தது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்தமைப்பு நிரலின் வேலை, தனிப்படங்களுக்கு அது தெரியாது. முறையான தமிழ் எழுத்துருவை எடுத்து, ஓரங்களை மென்மையாக்கும் வசதியை அணைத்து, 16 பிக்சல் உயரத்தில் போட்டதும் சரியானது. 'தொடங்கு' போன்ற மாறாத சொற்களைக் கையால் வரைந்த படமாகவே வைத்தார்கள். அதுதான் கண்ணுக்கும் அழகு.

இசையில் மூலக் கருவியின் ஐந்து ஒலித்தடங்களுக்குள்ளேயே நின்றார்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு பதிவு ஒலி. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டின் வாத்தியங்களை இதில் அமைத்தது இந்த மறுஆக்கத்தின் சிறந்த பகுதி. முக்கோண அலையின் சுதியைச் சட்டென்று கீழே இறக்கினால் குடத்தின் 'தொம்' கிடைக்கிறது. சதுர அலையின் மெலிந்த வடிவத்தை உச்ச சுதியில் மூன்று பிரேம் மட்டும் ஒலிக்கவிட்டால் வில்மணி. உடுக்கை மட்டும் இரைச்சல் தடத்தில் சரிவரவில்லை. அதற்குப் பதிவு ஒலித்தடத்தைச் செலவழித்தார்கள்.

களமும் உரிமையும்

பதிப்புரிமைச் சட்டத்தில், கேம் ஒன்றின் விளையாடும் முறை யாருக்கும் தனியுரிமை இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கோட்பாடு இங்கும் துணை. ஆனால் பாத்திரத்தின் உருவம், படங்கள், இசை, பெயர், களத்தின் வரைவு எல்லாம் உரிமைக்குள் வருபவை. 'இலவசமாகத்தானே கொடுக்கிறோம்' என்பது பதிலாகாது. அதனால்தான் குழு முதல் களத்தைக்கூட மூலத்தைப் பார்த்து வரையாமல் மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்தது.

பாலம் 1966-ல் பறளியாற்றின் மேல் கட்டியது. 115 அடி உயரம், 28 தூண். 16 பிக்சல் பாத்திரத்தை 5 அடி ஆளாகக் கொண்டால் பாலம் 368 பிக்சல் உயரம் வரும், திரையில் அடங்காது. மூலத்தில் திரை மேல்-கீழ் நகராது. அந்த ஒழுங்கைக் குலைக்காமல் தூண்களின் மேல்பகுதியை மட்டும் காட்டி, அடியை இலைப் பச்சைக்குள் மறைத்தார்கள். தண்ணீர் ஓடும் தொட்டி 7 அடி உயரம், அதே அளவில் 22 பிக்சல். அதற்குள் சாடவே முடியாது. அதை 80 பிக்சலாக உயர்த்தினார்கள். அளவு பொய், ஆனால் களம் உயிர்பெற்றது. தூண்களுக்கு இடையே உடைந்த பகுதிகளை வைக்கும்போது ஓட்டச் சாட்டத்தின் நீளம் தெரிந்திருக்க வேண்டும். சம உயரத்தில் இறங்க ஏறக்குறைய 55 பிரேம், 2.5625 ஆல் பெருக்கினால் 140 பிக்சல், எட்டேமுக்கால் கட்டம். முதல் இடைவெளி 4 கட்டம், கடைசி 7. எட்டு வைத்தால் சில பிரேம் தவறினாலே ஆற்றில்தான். முதல் களத்தில் அந்தக் கொடுமை வேண்டாம்.

திருத்திய பதிப்பை 'வீட்டு டிவி வேக'த்தில் வடசேரிக்காரரிடம் கொடுத்தபோது அவர் பாலத்தை மூன்றாவது முயற்சியில் கடந்தார். சாட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதிரியின் தலையில் மிதித்துத் துள்ளும் துள்ளல் மட்டும் கூடுதலாகத் தூக்குகிறது என்றார். பார்த்தால் குழு அந்தத் துள்ளலுக்கு நின்ற சாட்டத்தின் எண்களையே, ஏறும் ஈர்ப்பு உட்பட, கொடுத்திருந்தது. பட்டனை அழுத்தாத நிலையில் அங்கே எந்த ஈர்ப்பு வேலை செய்கிறது என்பதைக் குளோனில் மீண்டும் படமெடுத்து எண்ண வேண்டும். இது எழுதப்படும்போது அந்த அளவு நிலுவையில் இருக்கிறது.